ஜீப்பைத் தூக்கியாயிற்று, ஷாஃப்டை என்ன செய்வது?

கேள்வி: தாண்டிக்குடியில் நாலு ஏக்கர் காபித் தோட்டம். பழைய மஹிந்திரா ஜீப், நாலு வீல் டிரைவ், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். தோட்டப் பாதையில் அடிவயிறு கல்லில் இடிக்கிறதே என்று போன வருடம் நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேசிஸில் தொங்கவிடும் தகடு) போட்டு 2 அங்குலம் உயர்த்தினேன். அதிலிருந்து 40ஐத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஒரே அதிர்வு. பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் கிராஸ் (ஷாஃப்ட் முனையில் சாய்வுக்கு வளைந்து கொடுக்கும் இணைப்பு) மூன்று முறை மாற்றிவிட்டேன். இப்போது ஷாஃப்டையே மாற்றச் சொல்கிறார்கள். ஆன்லைனில் 'உயர்த்திய ஜீப்புக்கு' என்று ரெடிமேடாக விற்கிறார்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும் என்கிறார் மைத்துனர். வத்தலக்குண்டு லேத்தில் இருப்பதையே வெட்டி நீட்டித் தருகிறேன் என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: இன்னும் எதையும் வாங்காதீர்கள். ஒரே வருடத்தில் மூன்று கிராஸ் போகிறதென்றால் கிராஸ் மேல் தப்பில்லை. ஷாஃப்ட் மேலும் இல்லாமல் இருக்கலாம். தப்பு வேறெங்கோ இருக்க, 'உயர்த்திய ஜீப்புக்கு' என்று எழுதிய ஷாஃப்டை வாங்கிப் போட்டால் நாலாவது கிராஸும் போகும்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு அடியில் படுத்துப் பாருங்கள். ஷாஃப்டில் நீண்டு சுருங்குகிற ஸ்லிப் பகுதி ஒன்று உண்டு. அதன் இரு பாதியிலும் பெரும்பாலும் சின்னதாக ஓர் அம்புக்குறி குத்தியிருக்கும். காய்ந்த சேற்றை ஸ்குரூடிரைவரால் சுரண்டினால் தெரியும். இரண்டு அம்பும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அம்பு தேய்ந்து போயிருந்தால் இரு முனையிலும் உண்டிகோல் கவட்டை மாதிரி இருக்கிற யோக்கைப் பாருங்கள். ஷாஃப்டிலேயே இருக்கிற இரண்டு கவட்டையும் ஒரே வாக்கில் இருக்க வேண்டும். கிராஸ் மாற்றக் கழற்றியவர் ஒரு பல் தள்ளிச் சொருகியிருந்தால் அதிர்வுக்கு அதுவே போதும், செலவு அரை மணி நேரம்தான்.

இது ஏன் என்று ஒரு வார்த்தை. சாய்ந்து நிற்கிற கிராஸ் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். முன் கிராஸ் செய்கிற குளறுபடியைப் பின் கிராஸ் எதிர்ப்பக்கமாகச் செய்து சரிக்கட்டும். கவட்டைகள் ஒரே வாக்கில் இருந்து, இரு முனையிலும் சாய்வு சமமாக இருந்தால்தான் இது நடக்கும். உங்கள் வண்டியில் கெட்டது அந்தச் சமம்தான் என்று நினைக்கிறேன். பின் ஸ்பிரிங்கின் முன் கண் சேசிஸில் நிலையாக இருக்கிறது, பின் கண் ஷேக்கிளில் தொங்குகிறது என்றால், ஷேக்கிளை நீட்டும்போது ஸ்பிரிங்கின் பின் முனை மட்டும் கீழே இறங்கும். கூடவே பின் ஆக்சிலின் கூடான ஹவுசிங்கும் திரும்பி, அதிலிருந்து ஷாஃப்டைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் பினியனின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். சுமையெல்லாம் ஷாஃப்டின் முன் முனையில், டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் ஷாஃப்டுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) பக்கத்துக் கிராஸ் தலையில். மூன்று தடவையும் போனது அந்தப் பக்கத்துக் கிராஸ்தானா?

செல்போனில் சாய்வு காட்டும் ஆப் இருந்தால் அளந்துவிடலாம். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளேஞ்ச் (ஷாஃப்டைப் போல்ட் போட்டுப் பூட்டும் தட்டு), ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளேஞ்ச் மூன்றின் சாய்வையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிளேஞ்சின் அச்சுக்கும் குழாய்க்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த முனைக் கிராஸின் சாய்வு. கிராஸ் ஒவ்வொன்றிலும் 3 டிகிரிக்குள் என்பது உத்தமம். தூக்கிய ஜீப்பில் அது கிடைப்பது அரிது. 600 மில்லிமீட்டர் நீளமுள்ள ஷாஃப்டுக்கு 2 அங்குல உயர்வு கிட்டத்தட்ட 5 டிகிரி சேர்த்துவிடும், இரட்டிப்பு நீளமென்றால் பாதிதான். ஆனால் இரு முனைக்கும் உள்ள வித்தியாசம் 1 டிகிரியைத் தாண்டக் கூடாது, அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தாண்டினால் ஸ்பிரிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஆப்பு வைத்துப் பினியனை டிரான்ஸ்ஃபர் கேஸ் அச்சுக்கு இணையாகத் திருப்ப வேண்டும். இரும்பு ஆப்பு கேளுங்கள், அலுமினியம் நசுங்கும். தடித்த பக்கம் எங்கே வர வேண்டும் என்பதை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். கண்மதிப்பில் தலைகீழாக வைத்துவிட்டு 'ஆப்பு வேலைக்காகல' என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் பிறகும் அதிர்ந்தால், அல்லது குழாய் நசுங்கியோ ஸ்லிப் ஆடியோ இருந்தால், ஷாஃப்ட் வாங்கலாம். மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். நான் ஒருமுறை அப்படி வாங்கி, பெரும்பாறை வளைவெல்லாம் ஏறி வந்து பூட்டப் பார்த்தால் போல்ட் துளை நாலில் இரண்டுதான் சேர்ந்தது. கடைக்காரர் 'ஜீப்புன்னு தானே சொன்னீங்க' என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

அளக்கும்போது வண்டி தன் எடையில், சக்கரத்தில் நிற்க வேண்டும். ஃபிளேஞ்ச் முகத்திலிருந்து ஃபிளேஞ்ச் முகம் வரை நீளம், போல்ட் துளைகளின் எண்ணிக்கை, விட்டம், எதிரெதிர்த் துளைகளின் தூரம், கிராஸ் மூடியின் விட்டம், மூடிக்கு மூடி அகலம், எல்லாம் வேண்டும். 1310 என்கிற பரவலான அளவில் மூடி 27 மில்லிமீட்டர், அகலம் 82க்குக் கொஞ்சம் குறைவு. உங்களுடையது அதுவா என்பதை வெர்னியர் சொல்லட்டும். அப்புறம் சேசிஸை ஜாக்கியில் தூக்கி, ஹவுசிங் முழுக்கத் தொங்கும்போது அதே நீளத்தை மறுபடி எடுங்கள். அந்த நிலையிலும் ஸ்லிப் ஒன்றரை, இரண்டு அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஷாஃப்ட் கழன்று விழுந்தால் மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி உங்கள் மூன்று வழிகள். லேத்தில் நடுவே துண்டு வைத்து ஒட்டும் வேலை வேண்டவே வேண்டாம். டயர் சுற்றளவு 2.3 மீட்டர், கிரவுன் விகிதம் 5 (சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 5 சுற்று) என்று வைத்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒட்டுப்போட்ட குழாய் மயிரிழை கோணினாலும் பல்லை ஆட்டிவிடும். அதே லேத்காரர் உங்கள் பழைய முனைகளை ஒரே நீளப் புதுக்குழாயில் சேர்த்து, பேலன்சிங் செய்து கொடுத்தால் அதுதான் என் தேர்வு. பேலன்சிங் மெஷினுக்குக் கோவை வரை போனாலும் பரவாயில்லை. புதுப்பேட்டைச் சரக்குக்கு ஸ்லிப்பைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆன்லைனில் விற்பது இரட்டைக் கிராஸ் ஷாஃப்டா, அதாவது ஒரே முனையில் இரண்டு கிராஸ் சேர்ந்திருப்பதா என்று கேளுங்கள். அதற்குப் பினியன் மூக்கு ஷாஃப்டை நேராகப் பார்த்து நிற்க வேண்டும், இணையாக அல்ல. ஆப்புக் கணக்கே மாறிவிடும். எதை வாங்கினாலும் அதன் கிராஸ் வத்தலக்குண்டில் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸ்தான் நம் சேற்றுக்கு லாயக்கு. நாலு மூடியிலும் புதுக் கிரீஸ் பிதுங்கும்வரை அடித்தால் உள்ளே போன தண்ணீரும் வெளியே வரும்.

ஒன்று மட்டும்: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதி செய்தது. விதிமீறி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. விபத்தென்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்த ஷேக்கிளைத்தான்.

கேள்வி: என் ஜீப் மாடலைக் குறிப்பிட்டு 'பொருந்தும்' என்று விளம்பரம் செய்த ஷாஃப்டை ஆன்லைனில் வாங்கினேன். துளை சேரவில்லை. 'மெக்கானிக்கல் பொருள் ரிட்டர்ன் இல்லை' என்கிறார் விற்றவர். வாடகைக்கு ஜீப் ஓட்டிப் பிழைப்பவன் நான். நுகர்வோர் என்று புகார் கொடுக்க முடியுமா? (பாச்சலூர்)

பதில்: முடியும். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்றாலும், சுயதொழிலாக வயிற்றுப்பாட்டுக்கு ஓட்டுபவர் நுகர்வோர்தான். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020 இ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். நடக்காவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 2 வருடக் கெடு. அதுவரை சுத்தியலால் தட்டியோ துளையைப் பெரிதாக்கியோ பொருத்திப் பார்க்காதீர்கள். டேப்பை வைத்துப் போட்டோ எடுங்கள், விளம்பரப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள்.

கேள்வி: மஹிந்திரா தார் வண்டியை முன்பக்கம் கொஞ்சம் உயர்த்தினேன். முன் ஷாஃப்ட் மாற்ற வேண்டுமா? (மன்னவனூர்)

பதில்: வேண்டியிருக்காது. 2020க்குப் பின் வந்த தார் என்றால் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், டிஃப்ரன்ஷியல் சேசிஸோடு நிற்கிறது. உயர்த்தினாலும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு மாறாது. அடி வாங்குவது சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலும் அதன் ரப்பர் பூட்டும். பூட்டின் மடிப்பில் வெடிப்போ, சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறிப்போ இருக்கிறதா என்று வாராவாரம் பாருங்கள்.