மகள் கேட்பது உயிரியல் அல்ல அம்மா, அசல் இயற்பியல்

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், ‘புரதத்தைப் படம் பிடிக்கிற லேசர்’ என்று ஒரே பிடியாக நிற்கிறாள், படித்த படிப்பு வீணாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது.

விஷயம் இதுதான். புரதத்தை உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் படம் வெளிறிப்போய் இருக்கும். எலக்ட்ரான்கள் அதை ஊடுருவிப் போய்விடுகின்றன, அவற்றின் அலைக்கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது, மட்டும் லேசாக மாறுகிறது. கதிரைக் கூட்டினாலோ மாதிரியே சிதைந்துவிடும். அதனால் வேண்டுமென்றே குவியத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் படமெடுப்பார்கள். கான்ட்ராஸ்ட் கிடைக்கும், ஆனால் வேறு தகவல் கெடும்.

ஒளி நுண்ணோக்கியில் இதே சிக்கலைக் கட்டத்தகடு வைத்து, அதாவது கட்டத்தை நகர்த்தி அந்த மாற்றத்தைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்ச வேறுபாடாக்கும் தகடு வைத்து, தீர்த்த இயற்பியலாளர் செர்னிகே 1953இல் நோபல் வாங்கினார். எலக்ட்ரானுக்குக் கட்டத்தகடாக மெல்லிய கார்பன் படலம் வைத்துப் பார்த்தார்கள். கதிர் படப்பட அதன் தன்மை மாறிக்கொண்டே போகும், கொஞ்சம் எலக்ட்ரானையும் சிதறடிக்கும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹோல்கர் முல்லர், ராபர்ட் கிளேசர் குழுவினர் அந்த இடத்தில் வெறும் ஒளியை வைத்தார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே லேசரை ஆயிரக்கணக்கான முறை எதிரொளிக்கவிட்டு, ஒரு புள்ளியில் குவித்து, சிதறாமல் வரும் எலக்ட்ரான் கதிரை அதன் வழியே விட்டால் கட்டம் 90 பாகை நகர்கிறது. 2019இல் இதைச் செய்து காட்டினார்கள். ஒளி தேய்வதில்லை, மின்னேற்றம் பெறுவதும் இல்லை.

இதில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கிளேசர் உறைந்த மாதிரிகளை 1970களிலேயே ஆராய்ந்தவர். முல்லரோ லேசரால் அணுக்களை அளக்கும் இயற்பியலாளர். உங்கள் மகள் முல்லரின் பக்கம் நிற்கிறாள்.

ஆகவே இந்தப் பெயரில் ஒரு பட்டப்படிப்பைத் தேடி அலையாதீர்கள். ‘நானோ’ என்று பலகை மாட்டிய படிப்புகள்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒளியியல், மின்காந்தவியல், குவாண்டம் மூன்றும் உறுதியாக இருக்கட்டும், பைதான் கற்கட்டும். மூன்றாம் ஆண்டில் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான தேசிய நுழைவுத் தேர்வான ஜாம் எழுதினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி., பெங்களூரு ஐஐஎஸ்சியில் ஒருங்கிணைந்த பிஎச்.டி. இரண்டுக்கும் வழி உண்டு. அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கட்டும்; லேசர் ஆய்வகமாகப் பார்த்துக் கேட்கட்டும்.

சம்பளம் உடனே வராது, அதை மறைக்க மாட்டேன். இன்னும் ஏழெட்டு வருடம் படிப்புதான். ஆனால் ஆய்வுப் படிப்பில் மாத உதவித்தொகை உண்டு, நீங்கள் கடன் வாங்கவேண்டிய படிப்பல்ல இது. பாதியில் மனம் மாறினாலும் லேசர், வெற்றிடக் கருவி, பட ஆய்வு தெரிந்தவர்களைக் குறைகடத்தி நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும்.

அடுத்த முறை வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அவளுடைய ஆய்வக நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.