மண் வரைபடத்தில் ஒரே நிறம் என்றால் முழுக்க ஒரே மண்ணா?

இல்லை. ஒரே நிறம் பூசிய பகுதியை மண் அலகு என்பார்கள். அதிகமாக இருக்கிற மண்ணின் பெயரைத்தான் அதற்கு வைப்பார்கள், உள்ளே வேறு மண்ணும் இருக்கும். மிக்சர் பொட்டலம் மாதிரி, பெயர் ஒன்று, உள்ளே கடலையும் காராபூந்தியும்.

நுவரெலியா பக்கம் பெரும்பாலும் சிவப்பு மஞ்சள் பொட்சோலிக் என்கிற மண்வகை என்றுதான் வரைபடம் சொல்லும். ஆனால் ஒரே தேயிலை மலையில், உச்சியில் மழை மேல்மண்ணை அரித்துப் போய் மண்வெட்டியில் கல் தட்டும், அரித்து வந்தது அடிவாரத்தில் ஆழமாகச் சேர்ந்திருக்கும், ஓடையோரத்திலோ கறுத்து ஈரமாகக் கிடக்கும். எல்லாம் சரிவும் தண்ணீரும் செய்கிற வேலை. 1:50,000 அளவு வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர், இதையெல்லாம் அதற்குள் எப்படிப் பிரித்துக் காட்டுவது? அதனால்தான் மண்ணோடு நிலத்தின் அமைப்பையும் சேர்த்து வகைப்படுத்துகிறார்கள்.

அப்புறம், எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மண் சட்டென மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மெல்ல மெல்லத்தான் மாறும், ஆகவே உரம் போடுமுன் உங்கள் காணியிலேயே குழி தோண்டிப் பாருங்கள்.