வர்ம ஆசான் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் ஆட்டத்தில், வெறுங்கையால் சண்டையிடும் துறவியான மங்க் வகுப்புக்கு வர்மக் கலையை வைத்து ஒரு சப்கிளாஸ் (உட்பிரிவு) எழுதியிருக்கிறேன். 2024 விதிகள்தான். உயிருக்கே ஆபத்தான படுவர்மம் பன்னிரண்டு என்பதால் பன்னிரண்டு தாக்குதல்கள். 3, 6, 11, 17 ஆகிய லெவல்களில் மும்மூன்றாகத் திறக்கும். ஒவ்வொன்றுக்கும் 2 முதல் 5 ஃபோகஸ் பாயிண்ட் (மங்க் செலவழிக்கும் சக்தி) விலை. உதாரணமாக மூன்றாம் லெவலில் ஓர் அடி பட்டதும் 2 பாயிண்ட் கொடுத்தால், எதிரி கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் உறுதியால் தாங்குவதற்கான பகடை) போட வேண்டும். தோற்றால் கூடுதலாக 2டி6 (ஆறு பக்கப் பகடை இரண்டின் கூட்டுத்தொகை) காயம். 17-ஆம் லெவல் அடிக்கு 10டி12 வைப்பதா, 12டி12 வைப்பதா என்பதுதான் என் குழப்பம். 'வர்ம ஆசான்' என்ற பெயர் சரியா? இதை வெளியிட அனுமதி வாங்க வேண்டுமா?

ம., நாகர்கோவில்

அன்புள்ள ம.,

10டி12-இன் சராசரி 65. 12டி12-இன் சராசரி 78. பதினேழாம் லெவலில் அந்தப் பதிமூன்று எந்தச் சண்டையையும் மாற்றாது. ஓப்பன் ஹேண்ட் என்ற மங்க் சப்கிளாஸின் 17-ஆம் லெவல் அடியான க்விவரிங் பாம் 4 பாயிண்டுக்கு 10டி12 தருகிறது. அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். வர்மம் பன்னிரண்டு என்பதற்காகப் பகடையும் பன்னிரண்டாக வேண்டியதில்லை. பெயர் நன்றாக இருக்கிறது. ஆட்டத்தின் பொது விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.2, 2025-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. அது கேட்கும் நன்றி வரியைச் சேர்த்தால் போதும். ஆனால் அதில் இருக்கும் மங்க் சப்கிளாஸ் ஓப்பன் ஹேண்ட் ஒன்றுதான். மற்ற மங்க் சப்கிளாஸ்களான மெர்சி, ஷேடோ இரண்டிலிருந்தும் வாசகங்களை எடுத்துப் போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த '2 பாயிண்ட்'. ஆர்வத்தோடு எழுதப்படும் மங்க் சப்கிளாஸ்கள் பலவும் இடறி விழுவது இங்கேதான் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்குப் போடாமல் எப்படி விலை வைத்தீர்கள்? மூன்றாம் லெவல் மங்கிடம் இருப்பது மூன்றே பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு, தொடர் அடிகளான ஃப்ளரி ஆஃப் ப்ளோஸ் என்ன தருகிறது? இலவசமாகக் கிடைக்கும் போனஸ் அடிக்கு மேல் இன்னோர் அடி. டெக்ஸ்டெரிட்டி (லாகவம்) +3 என்றால் 1டி6+3, அதாவது சராசரி 6.5. எதிரியின் ஏசி (அடி படப் பகடையில் எட்ட வேண்டிய எண்) 13 என்றால் 65 விழுக்காடு அடி படும். ஆகவே ஒரு பாயிண்டின் மதிப்பு சுமார் 4.2 காயம், இரண்டுக்கு 8.4. இப்போது உங்கள் வர்மத்தைப் பாருங்கள். விஸ்டம் +3 மங்கின் சேவ் எண், அதாவது தப்பிக்க எதிரி பகடையில் எட்ட வேண்டியது, 13. கான்ஸ்டிடியூஷன் +2 உள்ள எதிரி பாதிக்குப் பாதி தப்பிவிடுவான். 2டி6-இன் சராசரி 7, அதில் பாதி 3.5. இரண்டு பாயிண்டைக் கொடுத்து, ஒரு பாயிண்டுக்குக் கிடைப்பதைவிடக் குறைவாக வாங்குகிறான் உங்கள் ஆசான். விவரம் தெரிந்த ஆட்டக்காரர் அதை ஒரு முறை பயன்படுத்திப் பார்த்துவிட்டு மறந்துவிடுவார். நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய பன்னிரண்டு வர்மமும் தாளிலேயே கிடக்கும். அதுதான் எனக்கு வருத்தம்.

ஐந்தாம் லெவலில் இது இன்னும் மோசமாகும். எதிரியைத் திகைத்து நிற்கவைக்கும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் வந்துவிடுகிறது. அதற்கு ஒரே பாயிண்ட். எதிரி சேவில் வென்றாலும் அவன் வேகம் பாதியாகிறது, அவன்மேல் அடுத்த தாக்குதலுக்கு அட்வான்டேஜ் (இரு பகடை போட்டு உயர்ந்ததை எடுப்பது) கிடைக்கிறது. அதுவும் கான்ஸ்டிடியூஷன் சேவ்தான். அதைத் தாங்குகிற எதிரி உங்கள் வர்மத்தையும் தாங்குவான். இரண்டு ஆயுதமும் ஒரே சுவரில் மோதுகின்றன.

இந்தத் தவறு ஆட்டத்தின் விதிநூலிலேயே நடந்திருக்கிறது. 2014-இன் ஃபோர் எலிமென்ட்ஸ் சப்கிளாஸை எடுத்துப் படியுங்கள். மந்திரங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் கீ (ஃபோகஸ் பாயிண்டின் பழைய பெயர்) விலை. எதிரியை அசையாமல் நிறுத்தும் ஹோல்ட் பர்ஸனுக்கு ஆறாம் லெவலில் 3 கீ, அதாவது கையிருப்பில் பாதி. மந்திரவாதி ஐந்தாம் லெவலில் வீசும் ஃபயர்பால் மங்குக்குப் பதினொன்றில்தான் வரும், அதற்கும் 4 கீ. 2024-இல் அதைத் திருத்தியவர்கள் விலையைக் குறைத்துவிட்டு விடவில்லை, பட்டியலையே தூக்கிவிட்டார்கள். ஒரு பாயிண்ட் கொடுத்தால் பத்து நிமிடம் பஞ்சபூத ஆற்றல் உடலில் நிற்கும். வெறுங்கை அடி பத்தடி கூடுதலாக எட்டும்; தீயாகவோ குளிராகவோ காயம் செய்யும்; எதிரியை இழுக்கும், தள்ளும். மங்க் எப்போதும் செய்கிற காரியத்தின் மேலேயே அந்தச் சக்தி ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஓப்பன் ஹேண்டும் அப்படித்தான்: ஃப்ளரி அடி பட்டால் எதிரியை வீழ்த்தலாம், பதினைந்தடி தள்ளலாம், கூடுதல் விலை கிடையாது.

ஆகவே பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். மூன்றாம் லெவலில் மூன்று இடம் போதும். ஃப்ளரியில் ஓர் அடி பட்டால், ஒரு டர்னுக்கு ஒரு முறை, ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். கை: ஸ்ட்ரெங்த் சேவ், தோற்றால் எதிரியின் அடுத்த தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரு பகடையில் தாழ்ந்தது). கால்: சேவ் வேண்டாம், உங்கள் அடுத்த டர்ன் தொடங்கும்வரை டேஷும் (கூடுதல் ஓட்டம்) டிஸ்என்கேஜும் (அடி வாங்காமல் விலகுவது) அவனால் முடியாது. தொண்டை: கான்ஸ்டிடியூஷன் சேவ், தோற்றால் அதே காலத்துக்கு வாய்ச்சொல் தேவைப்படும் மந்திரம் எதையும் சொல்ல முடியாது. தொண்டைக்கு மட்டும் ஒரு வேலி போடுங்கள்: ஒருமுறை சேவில் வென்றவன்மேல் அந்தச் சண்டையில் அது மறுபடி செல்லாது. இல்லையென்றால் ஆட்டத்தை நடத்தும் டிஎம் கொண்டுவரும் சூனியக்காரி ஒவ்வொரு சுற்றும் ஊமையாக நிற்பாள்.

இன்னொன்றை உரிமையோடு கேட்கிறேன். நாகர்கோவிலில் இருந்துகொண்டு அடங்கலை, அதாவது வர்ம அடியை இளக்கி மீட்கும் இடங்களை, எப்படி விட்டீர்கள்? வர்மத்தில் அடிக்கத் தெரிந்தவர் இளக்கவும் தெரிந்தவர். ஆசானைத் தேடி அடிபட்டவர்கள்தானே வருகிறார்கள்? உங்கள் பன்னிரண்டிலும் அடி மட்டும்தான் இருக்கிறது. ஆறாம் லெவலை அடங்கலுக்குக் கொடுங்கள். ஆனால் மெர்சியைப் போல விஷம், குருடு போன்ற நிலைக் கேடுகளை நேராக நீக்காதீர்கள், அது அவர்களுடைய வேலை. தொட்ட தோழர் தோற்றுப்போன சேவை அங்கேயே மறுபடி போடட்டும், உங்கள் மார்ஷியல் ஆர்ட்ஸ் பகடையையும் (வெறுங்கை அடிக்கான பகடை) கூட்டிக்கொண்டு. இதை ரியாக்‌ஷனில் வைக்காதீர்கள். ஒரு சுற்றுக்கு ஒரே முறை கிடைக்கும் எதிர்வினை அது; அங்கே வரும் அடியைத் தடுக்கும் டிஃப்லெக்ட் அட்டாக்ஸ் இருக்கிறது. தனி போனஸ் ஆக்‌ஷனாகவும் வேண்டாம். அங்கே ஃப்ளரி, தற்காப்புக்கான பேஷன்ட் டிஃபென்ஸ், வேகத்துக்கான ஸ்டெப் ஆஃப் த விண்ட் என்று ஏற்கெனவே நெரிசல். ஃப்ளரியின் ஓர் அடிக்குப் பதிலாகத் தொடலாம் என்று எழுதுங்கள். பத்தாம் லெவலிலிருந்து ஃப்ளரி மூன்று அடி. அதனால் பதினொன்றில் ஒரே டர்னில் இரண்டு வெவ்வேறு எதிரிகள்மேல் வர்மம் வைக்க அனுமதிக்கலாம்.

மாற்றி எழுதியதும் மூன்றாம் லெவலில் ஆடிப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஐந்தாம் லெவல் ஆசானை எடுத்து, ஓய்வே இல்லாமல் இரண்டு சண்டை நடத்துங்கள். ஐந்து பாயிண்டும் எங்கெங்கே போயின என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்குக்கே போயிருந்தால் தொண்டையும் கையும் இன்னும் பலம் குறைந்தவை. ஆட்டக்காரர் ஒவ்வொரு டர்னும் தொண்டையையே தேர்ந்தால் அந்த வேலி போதவில்லை. அந்தத் தாளையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்