பிரான்கி லைமனின் டீனேஜர்ஸ் குழு ஏன் அவ்வளவு சீக்கிரம் கலைந்தது?

சுருக்கமாகச் சொன்னால், முன்னணிப் பாடகரான லைமனைத் தனியாகப் பிரித்ததால்தான்.

அமெரிக்காவின் இந்த டீனேஜர்ஸ் பாடிய டூ-வாப் என்பது தெருமுனையில் நின்றுகூடப் பாடிவிடலாம், வாத்தியம் வேண்டாம், குரல்களே போதும் என்கிற பாணி. நியூயார்க் பள்ளிப் பையன்கள் ஐந்து பேர் இப்படித்தான் சேர்ந்தார்கள். மூவர் கறுப்பினத்தவர், இருவர் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. 1956 தொடக்கத்தில் 'வொய் டு ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' என்ற அவர்களுடைய பாட்டு வெளிவந்தபோது லைமனுக்கு 13 வயது. ஷெர்மன் கார்ன்ஸின் அடிக்குரல் தொடங்கிவைக்க, மேலே அந்தச் சிறுவனின் குரல் பிய்த்துக்கொண்டு கிளம்பும். இன்றைக்குக் கேட்டாலும் சிலிர்க்கிறது! பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது.

1957இல் லைமன் தனிப்பாடகரானார். அப்புறம் இரு தரப்புக்கும் இறங்குமுகம்தான். அவருக்குக் குரல் உடைந்தது, ஹெராயின் பழக்கம் வேறு. 1968இல் 25 வயதிலேயே இறந்துபோனார்.

எனக்கு ஆறாதது அந்தப் பாட்டின் உரிமை விவகாரம். எழுதியவர்கள் பட்டியலில் தயாரிப்பாளர் ஜார்ஜ் கோல்ட்னர் பெயர் ஏறியது, பிறகு இசைத்தட்டு நிறுவன முதலாளி மோரிஸ் லெவி பெயரும் வந்தது. எழுதியது நாங்கள்தான் என்று குழுவின் ஹெர்மன் சாண்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சன்ட்டும் வழக்குப் போட்டு 1992இல் ஜெயித்தார்கள். காலம் கடந்து வந்த வழக்கு என்று 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.