மாநிலம் மூடிய கதவு: திருநர் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து. அங்கே 2023 செப்டம்பர் 1 முதல் எஸ்.பி.14 சட்டம் நடப்பில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ள திருநர் பிள்ளைகளுக்குப் பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்தையோ ஹார்மோனையோ டாக்டர்கள் கொடுக்கக் கூடாது. இதே மாதிரியான டென்னசி சட்டம் செல்லும் என்று 2025 ஜூன் 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 எனத் தீர்ப்பளித்தது. கோர்ட்டு பார்த்துக்கொள்ளும் என்று காத்திருந்தவர்களும் அதன்பிறகு எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவுக்கு வந்தோம். 13 வயதுத் திருநங்கை மகளுக்குக் கையில், பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துள்ள இம்ப்ளான்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. இங்குள்ள டாக்டர் கைவிரிக்கிறார். புது டாக்டரை எங்கே தேடுவது?

தேடுவதற்கு முன், பழைய டாக்டரை விட்டுவிடாதீர்கள். வீடு மாறிய அவசரத்தில் பலர் செய்கிற தப்பு, “ஊர் மாறிவிட்டோம்” என்று சொல்லி ஃபைலை மூடிவிடுவது. தடை இல்லாத மாநிலங்களிலும், மத்திய அரசின் நிதி போய்விடும் என்ற பயத்தில் கதவுகள் சாத்தப்படுகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனை திருநர் பிள்ளைகளுக்காகப் பல வருடங்களாக நடத்திய மையத்தை 2025 ஜூலை 22-இல் மூடியது. புது நோயாளியை எடுக்காத இடம்கூட ஏற்கெனவே வருகிற பிள்ளையைச் சில சமயம் தொடர்ந்து பார்க்கும். அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

இம்ப்ளான்ட்டின் லேபிளில் 12 மாதம் என்று இருக்கும். பல பிள்ளைகளுக்கு அதைத் தாண்டியும் வேலை செய்கிறது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அதனால் நாலு மாதம்தான் கெடு என்று பதற வேண்டாம். அடுத்த பரிசோதனையை நியூ ஜெர்சியிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

அப்புறம், பதிவுகளின் நகலை இப்போதே எழுத்தில் கேளுங்கள். ஹிப்பா என்ற மருத்துவத் தனியுரிமைச் சட்டப்படி பொதுவாக 30 நாளுக்குள் தர வேண்டும். இம்ப்ளான்ட் வைத்த தேதி, ரத்த ரிப்போர்ட்டுகள், எலும்பு அடர்த்தி ஸ்கேன், மனநல ஆலோசகரின் கடிதம் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். க்ளினிக்கின் இணையப் போர்ட்டலை மட்டும் நம்பாதீர்கள். க்ளினிக் மூடினால் அதுவும் போய்விடலாம்.

வீடியோவில் வேறு மாநில டாக்டரைப் பார்க்கலாமா?

டாக்டர் எங்கே இருக்கிறார் என்பதல்ல, பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. டெக்சாஸ் வீட்டிலிருந்து பேசினால் டெக்சாஸ் சட்டம். எல்லை தாண்டி நியூ மெக்சிகோவில் காரை நிறுத்தி, போனை டாஷ்போர்டில் சாய்த்துவைத்துப் பேசிவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் உண்டு. மகன் திருநம்பி என்றால் இன்னொரு சிக்கல்: டெஸ்டோஸ்டிரோன் மத்திய அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து, ஈஸ்ட்ரோஜன் அப்படி அல்ல. நேரில் போக வேண்டுமா, எந்த ஊர் மருந்துக்கடையில் வாங்குவது என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

வெளி மாநிலத்துக்குக் கூட்டிப்போனால் எங்கள் மேல் கேஸ் வருமா? நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம்.

எஸ்.பி.14 டாக்டரின் லைசென்ஸைத்தான் குறிவைக்கிறது. அதில் பெற்றோருக்குத் தண்டனை இல்லை. ஆனால் 2022 பிப்ரவரியில் டெக்சாஸ் ஆளுநர் அபாட் இந்தச் சிகிச்சையைக் குழந்தை வன்கொடுமையாக விசாரிக்கச் சொன்னார். சில குடும்பங்கள் மீதான விசாரணையை நீதிமன்றம் தடுத்தது. 2023 இறுதியில் டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமை அரசு வக்கீல்), சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையிடம் டெக்சாஸ் பிள்ளைகளின் பதிவுகளைக் கேட்டார். மருத்துவமனை வழக்குப் போட்டது. பதிவுகளைக் கொடுக்காமலே 2024 ஏப்ரலில் சமரசமானது. மருத்துவமனைகளின் கணினிகள் மாநிலம் தாண்டிப் பேசிக்கொள்ளும். வெளி மாநிலப் பதிவு உள்ளூர் டாக்டரின் திரையில் தெரியுமா, பகிர்வை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். அலபாமாவில் நிலைமை கடுமை. அங்கே இந்தச் சிகிச்சை தருவது 10 ஆண்டு வரை சிறை போகும் குற்றம். விசா விஷயத்துக்கு ஒரு மணி நேரம் வக்கீலிடம் பேசுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

பேத்தி என்கிறார்கள், எனக்குப் பேரன்தான். மதுரைக்கு அனுப்பினால் இங்கே நல்ல மனநல டாக்டரிடம் காட்டி மாற்றிவிடலாமே?

நல்ல டாக்டர் அதைச் செய்ய மாட்டார், அம்மா. மாற்றுகிறேன் என்று சொல்லும் சிகிச்சைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இலேயே தடை சொன்னது. அப்படிச் செய்வது தொழில்முறைத் தவறு என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்துவிட்டது. மருந்து பற்றிய உங்கள் தயக்கம் வேறு விஷயம், அது நியாயமானதுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இந்தச் சிகிச்சையை ஆதரிக்கிறது; ஸ்வீடனும் பின்லாந்தும் ஆதாரம் போதவில்லை என்று பிடியை இறுக்கிவிட்டன. அதை டாக்டரிடம் கேட்க உங்கள் மகனுக்கும் உரிமை உண்டு. நீங்கள் தினமும் வீடியோ காலில் பேசுங்கள். ஆலோசகரிடம் போவதை டெக்சாஸ் தடுக்கவில்லை, பாட்டியிடம் பேசுவதையும்தான்.

விமானம், ஹோட்டல், ஃபீஸ்… எப்படிச் சமாளிப்பது?

கேம்பெய்ன் ஃபார் சதர்ன் ஈக்வாலிட்டி என்ற அமைப்பு இதற்கென்றே ஒரு அவசர உதவித் திட்டம் நடத்துகிறது: எந்த க்ளினிக் இப்போது புதிதாக எடுக்கிறது என்று தேடிச் சொல்வார்கள், பயணத்துக்குச் சிறு தொகையும் தருவார்கள். கம்பெனி இன்சூரன்ஸ் ‘செல்ஃப் ஃபண்டட்’ வகையா, அதாவது சிகிச்சைச் செலவைக் கம்பெனியே ஏற்கிறதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள், அப்படியானால் மாநில இன்சூரன்ஸ் விதிகள் பெரும்பாலும் அதைக் கட்டுப்படுத்தாது. சிகிச்சைக்காகத் தங்கும் செலவில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 டாலர் வரை மருத்துவச் செலவாக வரிக் கணக்கில் காட்ட விதி இருக்கிறது. பிள்ளையோடு தங்கும் பெற்றோருக்கும் சேர்த்து 100. சாப்பாட்டு பில்லைத் தூக்கிப் போடுங்கள், அது கணக்கில் வராது.