உமி நீங்கிய நெல்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அம்பாசமுத்திரம் பக்கம் ரைஸ்மில் வைத்திருக்கிறேன். அப்பா காலத்து மில். ராத்திரி அரவை முடிந்து கணக்கு எழுதி வைத்துவிட்டு உங்கள் கட்டுரைகளை வாசிப்பது பழக்கமாகிவிட்டது. மூன்று சந்தேகங்கள்.

சிவகளை அகழாய்வில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு வயது 3200 என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பேப்பரில் உமி என்று போட்டான், இன்னொன்றில் 'உமி நீங்கிய நெல்மணி' என்று போட்டான், நீங்களும் அப்படியே போட்டீர்கள். உமி நீங்கிவிட்டால் அதற்குப் பெயர் அரிசி அல்லவா? அது கிடக்கட்டும். புது நெல்லா பழைய நெல்லா என்பதையே நாங்கள் கடித்துப் பார்த்துத்தான் சொல்கிறோம். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு 3200 வருஷம் என்று எப்படிச் சொல்கிறான்?

இரண்டாவது, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் கருந்துளை, மறுவாரம் டைனோசர், அதற்கடுத்த வாரம் கம்ப்யூட்டருக்கு மூளை வந்த கதை. நுனிப்புல் மேய்கிற மாதிரி இருக்கிறது. ஒரே கிணற்றை ஆழமாகத் தோண்டக் கூடாதா?

மூன்றாவது என் பேரன் கேட்டது. நம்ம ஊரில் டைனோசர் இருந்ததா?

பெயர் போட வேண்டாம். மில்லில் பையன்கள் கேலி பண்ணுவார்கள்.

*

அன்புள்ள அண்ணாச்சி,

(உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான் இருக்கும். ஆனாலும் நம்ம பக்கத்தில் அண்ணாச்சி என்று கூப்பிட்டால் பதிலுக்கு அண்ணாச்சிதான்.)

உமி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 2021 செப்டம்பரில் சட்டசபை அறிவிப்பு வந்த அன்று அந்தச் சொல்லை அப்படியே தூக்கிப் போட்டேன். ஒரு மில்காரர் வந்து சொல்கிற வரை எனக்கு உறுத்தவே இல்லை. சொல் எதுவானாலும், மியாமியில் உள்ள ஆய்வகத்துக்குப் போன சரக்கு நெல் என்பதுதான் எனக்குத் தெம்பு. கரித்துண்டு போயிருந்தால் இவ்வளவு துணிந்து எழுதியிருக்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

வானத்திலிருந்து ராத்திரி பகல் பார்க்காமல் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கொட்டிக்கொண்டிருக்கின்றன. காஸ்மிக் கதிர் என்று பெயர். 1912இல் விக்டர் ஹெஸ் என்பவர் பலூனில் 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் ஏறிப் போய், மேலே போகப் போக இது கூடுகிறது என்று அளந்து வந்தார். நம் பால்வீதியில் எப்போதோ வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களின் மிச்சத்திலிருந்துதான் பெரும்பகுதி வருகிறது. இந்தத் துகள்கள் காற்றில் மோதும்போது நியூட்ரான் கிளம்பும். அந்த நியூட்ரான் போய் நைட்ரஜனில் முட்டினால் கார்பன்-14 பிறக்கும். ரொம்ப அபூர்வச் சரக்கு. காற்றில் ஒரு லட்சம் கோடி கார்பன் அணுவுக்கு ஒன்று என்கிற அளவில்தான் இருக்கும்.

பயிர் காற்றைக் குடித்துத்தான் கதிர் பிடிக்கிறது. அதோடு இதுவும் உள்ளே போகிறது. ஒரு நெல்மணி 20 மில்லிகிராம் என்று வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணிக்குள் 40, 50 கோடி கார்பன்-14 அணுக்கள் வருகின்றன. இன்றைக்கு உங்கள் ஹாப்பரில் கொட்டின நெல்லிலும் இருக்கிறது.

அறுத்த அன்றைக்கு வரவு நின்றுவிடும். அதற்குப் பிறகு செலவு மட்டும்தான். 5730 வருஷத்தில் பாதி போய்விடும், மிச்சத்தில் பாதி போக இன்னொரு 5730 வருஷம். சிவகளை நெல்லுக்குச் சொன்ன கி.மு. 1155 என்ற கணக்கில், அறுத்த அன்று இருந்ததில் நூற்றுக்கு 68 அளவுக்கு இன்னும் பாக்கி இருக்க வேண்டும். அந்தப் பாக்கியைத்தான் அங்கே எண்ணுகிறார்கள். சில மில்லிகிராம் சரக்கு போதும்.

இங்கேதான் உங்களைப் போன்றவர் மடக்குவார். காற்றில் இந்தச் சரக்கு எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததா? இல்லை. கூடும், குறையும். உங்கள் தராசுக்கு முத்திரை போட வருவார்கள் இல்லையா, அதைப் போல இதற்கும் முத்திரை வேண்டும். மரங்கள்தான் அதைப் போடுகின்றன. வருஷத்துக்கு ஒரு வளையம் விடுகிற மரங்களை எடுத்து, வளையம் வளையமாகப் பிரித்து, எந்த வருஷத்துக் காற்றில் எவ்வளவு இருந்தது என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். மரம் எட்டாத காலத்துக்குக் குகைப் படிவு, ஏரிச் சேறு. 2020இல் திருத்தி வெளியிட்ட அட்டவணை 55,000 வருஷம் பின்னால் போகிறது. கம்ப்யூட்டர் இல்லாமல் அந்தக் கணக்கை நினைத்துப் பார்க்கவே முடியாது. கடைசியில் வருவதும் ஒற்றை வருஷம் கிடையாது. இதிலிருந்து இதற்குள் என்று ஒரு வீச்சு வரும். பேப்பர்காரன் நடுவில் ஒரு எண்ணை எடுத்துத் தலைப்புப் போடுவான். அதை நானும் செய்திருக்கிறேன்.

இப்போது நெல்லுக்கும் கரிக்கும் வருவோம். நெல்லின் ஆயுள் ஒரு பூ, அதாவது ஒரு போகம். கார் என்றால் கார், பிசானம் என்றால் பிசானம். அது குடித்த காற்று அந்த நாலைந்து மாதக் காற்று. மரம் அப்படியா? 200 வருஷ மரத்தின் நடுக்கட்டையை ஒருவன் வெட்டி உலையில் போட்டால், அந்தக் கரி காட்டுவது கட்டை விளைந்த காலத்தை, கொல்லன் துருத்தி ஊதிய நாளை இல்லை. 2025 ஜனவரியில் இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை வந்ததே, அதில் சிவகளைக்குச் சொன்ன மேல் எல்லை கி.மு. 3345. எனக்கும் நெஞ்சு விம்மத்தான் செய்தது. ஆனால் கரியை வைத்துச் சொல்கிற எந்தத் தேதிக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டே தீர வேண்டும். ஒரு சிவகளை போதாது, இன்னும் பத்து இடத்தில் இதே காலம் வரட்டும் என்று காத்திருக்கிறேன். நம்ம ஊர் விஷயம் என்பதால் கூடுதலாகவே சந்தேகப்படுகிறேன்.

அந்த அறிக்கைக்காக மாதிரிகள் மியாமியோடு லக்னோவுக்கும் அகமதாபாத்துக்கும் போயின. ஒரே ஈரப்பத மீட்டரை நம்பாமல் இரண்டு இடத்தில் பார்க்கிறீர்களே, அதே புத்திதான். லக்னோவில் இருப்பது பீர்பால் சாஹ்னி பெயரில் அமைந்த நிறுவனம், கல்லாகிப் போன செடிகொடிகளைப் படிக்கத் தொடங்கிய இடம். அகமதாபாத்தில் இருப்பது விக்ரம் சாராபாய் 1947இல் காஸ்மிக் கதிரை ஆராய ஆரம்பித்த ஆய்வகம். சிவகளைப் பானை ஓட்டுக்கு வயது சொல்வது, ஆதியில் வானத்தைப் பார்க்கவும் தொல்லுயிர்த் தாவரம் பார்க்கவும் கட்டின இடங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே வந்துவிட்டது. நுனிப்புல் என்று சொன்னதை மறுக்கவில்லை, அதற்கு அபராதமும் கட்டியிருக்கிறேன். ஒரு கட்டுரையில் ஆதிச்சநல்லூர் பொன் நெற்றிப்பட்டத்துக்கு கார்பன் தேதி பார்க்கலாமே என்று எழுதிவிட்டேன். மறுநாள் காலை ஒரு பேராசிரியர் போன் போட்டு, "தங்கத்தில் கார்பன் எங்கே வே இருக்கு?" என்றார். டீ ஆறிப் போச்சு. ஒன்றையே தோண்டுகிறவர்களுக்கு அந்த மாதிரி வழுக்காது.

ஆனால் கிணறு என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பேச்சு இருக்கிறது. பக்கத்து வயல்காரன் போர் இறக்கினால் நம் கிணற்றில் தண்ணீர் இறங்குகிறது. வரப்பு மேலே மட்டும்தான்.

ஒன்று சொல்கிறேன். 2012இல் ஃபூசா மியாகே என்ற ஜப்பானியப் பெண், பழைய தேவதாரு மரத்தின் வளையங்களில் கார்பன்-14 பார்த்துக்கொண்டிருந்தார். கி.பி. 774-775இல் ஒரே வருஷத்தில் அது 1.2 சதவீதம் எகிறியிருந்தது. சாதாரணமாக இத்தனை வேகத்தில் ஏறாது. சூரியன் மிகப் பெரிதாக ஒரு முறை சீறித் துகள்களைக் கொட்டியிருக்க வேண்டும் என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிற விளக்கம். பிறகு 993இலும் அப்படி ஒன்று அகப்பட்டது. நம்ம பக்கம் ராஜராஜன் ஆண்டுகொண்டிருந்த காலம். இதை வைத்து என்ன செய்தார்கள் தெரியுமா? கனடாவில் வைக்கிங் என்கிற வட ஐரோப்பியக் கடலோடிகள் குடியிருந்த இடத்தில் கிடைத்த வெட்டுக்கட்டைகளை எடுத்து, 993ஆம் வருஷ வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பட்டை வரை எண்ணினார்கள். 28. ஆக 1021இல் அந்த மரத்தின் மேல் கோடரி விழுந்திருக்கிறது. முன்னே பின்னே இல்லை, அந்த வருஷமேதான். கொலம்பஸுக்கு 471 வருஷம் முன்பு. 2021இல்தான் இது வெளிவந்தது.

சூரியன் சீறுவதைப் பார்க்க நீங்கள் கனடா போக வேண்டாம். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் இருக்கிறதே, கோயில் சிலையைப் பார்க்க எல்லோரும் இறங்குவோம். அந்த ஊரில்தான் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம்ம ஊரை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே 100 கிலோமீட்டர் சொச்சம் உயரத்தில் பகல் நேரத்தில் மின்சாரம் ஆறாக ஓடும். சூரியன் முறைத்தால் அந்த ஆறு கலங்குவது கிருஷ்ணாபுரத்துக் கருவியில் தெரியும்.

கம்ப்யூட்டருக்கு வருகிறேன். உங்கள் மில்லில் கலர் சார்ட்டர் இருக்கிறதா? ஒரு மில்லில் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அரிசி அருவி மாதிரி சறுக்கி விழுகிறது. கேமரா பார்க்கிறது. கருப்பு, பழுப்பு, கல் எது வந்தாலும் ஒரு பொட்டுக் காற்றை அடித்து அந்த ஒரு மணியை மட்டும் தள்ளிவிடுகிறது. டிக், டிக், டிக் என்று ஓயாத சத்தம். தள்ளினது தனி மூட்டையில் விழுகிறது. எனக்கு அந்த மூட்டையின் மேல்தான் கண் போனது.

வானியலிலும் இதே வேலைதான் நடக்கிறது. 2007இல் சுமார் 9 லட்சம் விண்மீன் திரள்களின் படங்களை வைத்துக்கொண்டு, எது சுருள், எது முட்டை என்று பிரிக்க ஆளில்லாமல், பொதுஜனங்களே பிரித்துக் கொடுங்கள் என்று இணையத்தில் விட்டார்கள். லட்சக்கணக்கான பேர் உட்கார்ந்து பிரித்தார்கள். அவர்கள் பிரித்ததைப் பார்த்துப் பிறகு கம்ப்யூட்டரும் பழகிக்கொண்டது. அப்போது நெதர்லாந்தில் ஹன்னி வான் ஆர்க்கெல் என்ற பள்ளிக்கூட ஆசிரியை, ஒரு திரளுக்குப் பக்கத்தில் இருந்த திட்டு என்ன என்று கேட்டார். சுருளும் இல்லை, முட்டையும் இல்லை. பக்கத்துத் திரளின் நடுவே இருந்த கருந்துளை ஒரு காலத்தில் கொழுந்துவிட்டு எரிந்து அணைந்திருக்கிறது. அந்த வெளிச்சம் பட்ட வாயு மேகம் இன்னும் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. சார்ட்டராக இருந்தால் டிக் என்று தள்ளியிருக்கும்.

நான் வாராவாரம் தாவுவதாகச் சொல்கிறீர்களே, உண்மையில் நான் போய்ப் பார்ப்பது ஒரே இடத்தைத்தான். அந்தத் தள்ளுபடி மூட்டையை. 1964இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் பெரிய ஆன்டெனா வைத்து வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு இரைச்சல், ராத்திரி பகல் ஒரே மாதிரி. உள்ளே ஒரு ஜோடிப் புறா குடியிருந்தது. புறாவைப் பிடித்து ஊர் கடத்தினார்கள், அது திரும்பி வந்துவிட்டது. எச்சத்தை எல்லாம் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சம் பிறந்த சூட்டின் மிச்சம் அது என்று பிறகுதான் தெரிந்தது. 1978இல் நோபல் கொடுத்தார்கள். புறாக்கள் கதி நன்றாக முடியவில்லை, பேரனிடம் சொல்ல வேண்டாம்.

டைனோசர் அழிந்த கதையும் அந்த மூட்டையிலிருந்து வந்ததுதான். இத்தாலியில் ஒரு மெல்லிய களிமண் அடுக்கு படிய எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று பார்க்கத்தான் அல்வாரெஸ் அப்பாவும் மகனும் அதில் இரிடியம் என்ற, பூமியின் மேல்பரப்பில் அபூர்வமான உலோகத்தை அளந்தார்கள். அப்பா இயற்பியல், மகன் மண்ணியல், கூட இரண்டு வேதியியல்காரர்கள். வழக்கத்தைவிட 30 மடங்கு இருந்தது. அவ்வளவு இரிடியம் மேலேயிருந்துதான் வந்திருக்க முடியும். ஒரு பெரிய விண்கல் விழுந்தது என்று 1980இல் எழுதினார்கள். இன்றைய கணக்கில் அது 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால். விழுந்த பள்ளம் மெக்சிகோவில் இருப்பது 1991 வாக்கில் உறுதியானது.

பேரனுக்கு. நம்ம பக்கத்துப் பாறை டைனோசரைவிட ரொம்பப் பழசு. பூமிக்குள் வெந்து உருமாறிப்போன பாறை, அதில் எலும்பு தங்காது. டைனோசர் பார்க்க அரியலூர்ப் பக்கம்தான் போக வேண்டும். அங்கே கல்லமேட்டில் கிடைத்த பிருஹத்காயோசாரஸ் உலகத்திலேயே பெரியதாக இருக்கலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கெடுவாய்ப்பாக அந்த எலும்புகள் பின்னால் உதிர்ந்தே போய்விட்டன, படமும் குறிப்பும்தான் மிச்சம்.

ஆனால் அவனைத் தேரிக்குக் கூட்டிப் போங்கள், சாயர்புரம் பக்கம், வெயில் தாழ்ந்த பிறகு. அந்தச் செம்மணலில் நகம் அளவுக்குக் கூரான சின்னச் சின்னக் கல் கிடக்கும். கடலும் மணலும் இன்றைய இடத்தில் இல்லாத காலத்தில் மனிதர்கள் கொத்தின கருவிகள். ஸாய்னர், ஆல்சின் என்ற தொல்லியல் ஆய்வாளர்கள் 1956இலேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கண்டால் பையில் போட விடாதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்து, கிடந்தபடியே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த மேட்டில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று தெரியாவிட்டால் அப்புறம் அது வெறும் கல்.

அன்புடன்,
உங்கள் அண்ணாச்சி