நகரத்தின் நடுவே பழைய இடுகாடு எதற்கு?

“வீடு கட்டவே இடமில்லை, பழைய இடுகாட்டை ஏன் விட்டுவைக்க வேண்டும்?” நியாயமான கேள்விதான். சிங்கப்பூரின் புக்கிட் பிரவுனைப் பாருங்கள். 1922-இல் சீனர்களுக்காகத் திறந்து 1973-இல் மூடிய இடுகாடு. சுமார் ஒரு லட்சம் கல்லறைகள். ஆள் நடமாட்டம் குறைந்ததும் காடு மண்டிவிட்டது. இன்று பறவை பார்ப்பவர்களுக்குப் பிடித்த இடம்.

கல்லறைகளோ இன்னொரு உலகம். பூ வேலைப்பாடு கொண்ட பீங்கான் ஓடுகள். சிலவற்றின் இருபுறமும் தலைப்பாகையோடு சீக்கியக் காவலாளிச் சிலைகள். அந்தக் காலத்துப் பணக்கார வீட்டு வாசலில் காவல் நின்றவர்களை அப்படியே கல்லறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்! இப்படி ஒரு கலவையை அருங்காட்சியகத்தில் செய்து வைக்க முடியுமா?

2011-இல் குறுக்கே நெடுஞ்சாலை போடும் திட்டம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியும் சாலை நிற்கவில்லை; ஏறக்குறைய 4,000 கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன. ஆனால் அதற்குமுன் அவை ஆவணப்படுத்தப்பட்டன. விலங்குகள் அடியில் கடக்க, சாலையின் ஒரு பகுதி பாலமாகக் கட்டப்பட்டது. ஆர்வலர்கள் இலவசமாக நடைச்சுற்றுலா நடத்தி வருகிறார்கள். என்னைக் கேட்டால், வேலி போட்டுப் பூட்டுவதைவிட இந்த நடைதான் பெரிய பாதுகாப்பு.